முல்தானி மட்டி காயும்வரை

“பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, கொட்டாவிகூட விடக் கூடாதுக்கா. இருபது நிமிஷம். கோடு விழுந்துச்சுன்னா நான் பொறுப்பில்ல” என்று சொல்லிவிட்டு, பன்னீரில் நனைத்த பஞ்சை இரண்டு கண்ணிலும் அப்பினாள் பார்லர்காரி பரிதா. அவ்வளவுதான், செண்பகவல்லிக்கு உலகம் அணைந்து போயிற்று. மிஞ்சியது மூக்கும் காதும்தான். ஈர மண் வாசம், மெழுகு உருகும் வாசம், யாரோ காலையில் போட்டுவிட்டுப் போன நகப்பூச்சின் நெடி, எல்லாவற்றுக்கும் மேலே ஜன்னல் வழியாக வருகிற வெல்லப்பாகு. கோவில்பட்டியில் எந்த மாடியில் போய் உட்கார்ந்தாலும் கடலை மிட்டாய்க்குக் காய்ச்சுகிற பாகு தேடி வந்துவிடும். கீழே ஜெராக்ஸ் கடை மிஷின் இழுத்து இழுத்து மூச்சு விட்டது. நாளைக்கு இந்நேரம் கழுகுமலைக் கோயிலில் தாலி ஏறியிருக்கும். நாற்பத்தாறு வயதில். நினைத்ததும் உதட்டோரம் தானாக இழுத்தது, ஐயோ, கோடு. உதட்டை அடக்கினாள். சிரிக்கக் கூடாது. வேறு எதையாவது நினை. ப்ளீச்சை நினை. அதை நினைத்தால் சிரிப்பு தானாக நின்றுவிடும். வந்து உட்கார்ந்ததுமே பரிதா கேட்டாள், “ப்ளீச் போட்டுரலாமாக்கா? ஒரு ஷேடு ஏறும், கல்யாணப் போட்டோல பளிச்சுன்னு இருக்கும்.” சரி என்றும் வாய் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. முதலில் மண் பேக்கைப் போடு, யோசித்துச் சொல்கிறேன் என்றாள். “முறையா ப்ளீச்தான் முதல்ல, பேக்கு கடைசிலக்கா” என்று பரிதா சிரித்தாள். “சரி, லேசா ஒரு கை போட்டு விடுதேன். அது காயறதுக்குள்ள முடிவு பண்ணுங்க.” இப்போது கன்னத்தில் குளிர்ச்சி குறைந்து இறுக்கம் ஏறிக்கொண்டிருந்தது. நேரம் ஓடுகிறது என்று அர்த்தம். மூக்கின் இடது ஓரத்தில் ஒரு அரிப்பு. சொறியக் கூடாது என்று தெரிந்துகொண்டே வருகிற அரிப்பு.

வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு யோசனை எதற்கு? ஊரே அவளிடம் வந்துதான் எந்தக் கலர் எடுக்கும், எது எடுக்காது என்று கேட்டுவிட்டுப் போகிறது. இருபத்திரண்டு வருஷமாக ஜவுளிக்கடையில் நிற்கிறாள், கீழ்த்தளம், காட்டன் பகுதி. மேல்மாடிப் பட்டுப் பகுதிக்குக் கலரான பிள்ளைகள்தான். முதலாளி அதை வாயால் சொன்னதில்லை, அவர் போட்ட படிக்கட்டே சொல்லும். போகட்டும். பட்டைவிடக் காட்டனில்தான் வண்ணம் அதிகம். பாக்கு, அரக்கு, இலைப்பச்சை, மாம்பழ மஞ்சள், மழைக்கு முந்திய வானம் மாதிரி ஒரு சாம்பல் நீலம். கண்ணாடி முன்னால் நின்று தோளில் முந்தானையை வீசிப் போட்டுக் காட்டும்போது செண்பகவல்லிக்கு இன்றைக்கும் உள்ளங்கால் வரை ஜில்லென்று ஒன்று ஓடும். அரக்கு அவள் தோளில் விழுந்தால் விளக்கு ஏற்றினாற்போல இருக்கும். அது அவளுக்கே தெரியும். எதிரில் நிற்கிற பெண்ணும் வாயைப் பிளந்து பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சொல்லுவாள், “உங்க கலருக்கே இப்படி எடுக்குதுன்னா என் கலருக்கு எப்படி எடுக்கும்!” சொல்லிவிட்டு இரண்டாக எடுத்துக்கொண்டு போவாள். அந்த ‘கே’. ஒரே ஒரு எழுத்து. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ‘கே’ தின்றிருப்பாள். முதலில் வலிக்கும், பிறகு மத்தியானச் சோற்றுக்குள் மறந்துவிடும், பிறகு, எப்போது என்று தெரியவில்லை, அதைக் கேட்டதும் உள்ளுக்குள் ஒரு குறும்பு எட்டிப் பார்க்கத் தொடங்கியது. உனக்கு எடுக்காதும்மா, என் தோளில் இருக்கிறவரைதான் அதற்கு உயிர், வீட்டுக்குப் போய்க் கட்டிப் பார் தெரியும். சொல்ல மாட்டாள். மடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பாள். முதல் லிப்ஸ்டிக் வாங்கியபோது முப்பத்தொரு வயது. ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்துத் துடைத்துவிடுவாள். ஒரு நாள் துடைக்க மறந்து கடைக்குப் போய்விட்டாள். மறந்துதான் போனாளா என்பது வேறு விஷயம். சூப்பர்வைசர் உற்றுப் பார்த்து, “என்னம்மா, வாயில ரத்தமா?” என்றார். “இல்ல சார், அரக்கு” என்றாள். அப்படியே நின்றாள். அன்றைக்கு வந்த தைரியம் இன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொண்டது? ப்ளீச் என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதே.

ப்ளீச் வேண்டாம் என்றால் இந்த மண் மட்டும் எதற்காம்? புருவத்தில் நூல் விட்டு முடி பிடுங்கினாளே, அது எதற்கு? தலைக்கு மாதா மாதம் சாயம் பூசுகிறாளே? எங்கே கோடு போடுவாய் செண்பகம், எது வரைக்கும் சரி, எதற்கு மேல் தப்பு? கேள்வியைக் கேட்டு அவளே மாட்டிக்கொண்டாள். கோடு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனால் வயிற்றுக்குத் தெரிகிறது. மை தீட்டும்போது வயிறு சும்மா இருக்கும், கோயிலுக்குப் போகிற மாதிரி ஒரு நிறைவு. அந்தச் சிவப்பழகு க்ரீம் டியூபைப் பேனாவில் சுருட்டிச் சுருட்டிக் கடைசிப் பிசுக்கு வரை எடுத்து ஆறு வருஷம் பூசினாளே, அப்போதெல்லாம் வயிறு சுருங்கும். பரீட்சை எழுதுகிற மாதிரி. தினமும் காலையில் எழுந்து கண்ணாடியில் மார்க் பார்ப்பாள். ஒரே மார்க்தான். சேலைக்குப் பார்டர் வைக்கிறோம், குஞ்சம் கட்டுகிறோம், கஞ்சி போட்டு மொடமொடவென்று ஆக்குகிறோம். சாயத்தை வெளுத்துவிட்டா விற்கிறோம்? அப்படி என்று வைத்துக்கொள்ளலாமா? தலைச்சாயத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சேர்க்க வேண்டாம், அது அவள் இஷ்டம். அரிப்பு இப்போது மூக்கிலிருந்து மேலுதட்டுக்கு இறங்கியிருந்தது. பரிதா பக்கத்தில் டப்பாக்களை அடுக்குகிற சத்தம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்த நேரத்தில் அந்தப் போட்டோ வந்து குறுக்கே நின்றது.

இரண்டு போட்டோ. பழையது ஒன்று, புதியது ஒன்று. பழையதில் அவளுக்கு இருபத்துமூன்று. ஸ்டூடியோக்காரர் டச்சப் செய்து கொடுத்த படம். முகம் தாழம்பூ மாதிரி வெளுத்து, கழுத்து மட்டும் அவள் கழுத்தாக இருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சாத்தூரிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். காபித் தட்டோடு போய் நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை எடுத்துக்கொண்டாள், நன்றாக இரு என்றுகூடச் சொன்னாள், சொல்லிவிட்டு அவள் தோளுக்குப் பின்னால் வாசல் நிலையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள், “பொண்ணை வரச் சொல்லுங்களேன்.” யாரும் வைது பேசவில்லை, யாரும் அழவில்லை. அந்த அம்மா உண்மையாகவே போட்டோவில் இருந்த பெண்ணுக்காகக் காத்திருந்தாள். செண்பகவல்லியும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள், அப்படி ஒருத்தி வந்துவிடுவாளோ என்று. அதற்கப்புறம் பெண் பார்க்க யார் வந்தாலும் அவர்கள் கண் தன் தோளைத் தாண்டுகிறதா என்றுதான் பார்ப்பாள். நாளைக்குத் தாலி கட்டப்போகிற பால்பாண்டி மட்டும் தாண்டவில்லை. தபால் ஆபீசிலிருந்து மூன்றாவது தடவையாகக் கைக்குட்டை வாங்க வந்த அன்றைக்கு, “வீட்ல கைக்குட்டை நிறைய ஆகிப்போச்சுங்க” என்று சொல்லிவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பது வயசு மனுஷனுக்குக் காது சிவந்து போயிருந்தது. சிரிக்காதே, சிரிக்காதே. புதிய போட்டோவை நினை. போன வாரம், “எங்க அக்கா பம்பாயிலிருந்து வாராங்க, ஒரு போட்டோ கேக்காங்க” என்று அவர் நம்பரைக் கொடுத்ததும், கூட வேலை பார்க்கிற கிருபா தன் புது போனில் டக்கென்று ஒன்று எடுத்தாள், எடுத்த கையோடு அனுப்பியும் விட்டாள். அப்புறம்தான் காட்டினாள். அந்த போன் முகத்தைத் தானாகவே வெளுத்துக் காட்டுகிற போனாம். கன்னம் மைதா மாவு, மூக்கு கூராகி, கண் இரண்டும் ஒரு சுற்றுப் பெருத்து, யாரோ ஒரு வெளியூர்க்காரி அவள் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு நொடி, பொய் சொல்லக் கூடாது, ஒரே ஒரு நொடி செண்பகவல்லிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நொடியே சாத்தூர் வேன் வந்து வாசலில் நின்றுவிட்டது. நாளைக்குக் காலையில் கழுகுமலைப் படியில் அந்த அக்கா நிற்பாள். செண்பகவல்லி போய் நிற்பாள். அக்காவின் கண் தோளைத் தாண்டும். ஒரு ஷேடு ஏறினால் அந்தப் போட்டோவுக்குக் கொஞ்சம் கிட்டத்தில் போகலாம். அவ்வளவுதான் ப்ளீச். வேறொன்றுமில்லை. சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

படியில் யாரோ ஏறி வந்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு “முருகா”. கதவு திறந்தது, வெல்லப்பாகு இன்னொரு கை கூடுதலாக உள்ளே வந்தது. “இங்க பொம்பளையாளுக மட்டுந்தானம்மா?” என்றது ஒரு கனத்த குரல். “ஆமாம்மா, வாங்க, உக்காருங்க. என்ன செய்யணும்?” என்றாள் பரிதா. நாற்காலி முனகியது. குரல் தணிந்தது. “இந்தா பாரு, இந்த நாடிக்குக் கீழ நாலு முடி முளைச்சுக் கெடக்கு. பத்து வருஷமா நானே கண்ணாடியப் பாத்துப் பிடுங்குதேன். இப்ப கண்ணு தெரிய மாட்டேங்கு. அதை எடுத்துரு. யாருட்டயும் சொல்லிராத.” பரிதா சொல்ல மாட்டேன் என்றாள். செண்பகவல்லி பஞ்சுக்கு அடியில் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள், கேட்காதது மாதிரி இருக்க அவளால் செய்ய முடிந்தது அதுதான். “பெறகு, மூஞ்சி வெளுக்கதுக்கு என்னமோ போடுவாகளாமே, அதையும் போட்டு விடு. நல்லா அழுத்திப் போடு. நாளைக்குக் கழுகுமலைல எந்தம்பிக்குக் கல்யாணம்.” டப்பா அடுக்குகிற சத்தம் நின்றது. “தம்பி என்ன பண்ணுதாரும்மா?” என்று பரிதா கேட்டாள், குரல் ஒரு மாதிரியாக இருந்தது. “தபால் ஆபீசு. பால்பாண்டின்னு பேரு. நான் ராஜகனி, அவனுக்கு மூத்தவ. பம்பாயில இருந்து இன்னைக்குக் காலையிலதான் வந்து இறங்குனேன்.” செண்பகவல்லியின் தோளில் பரிதாவின் விரல் வந்து நறுக்கென்று கிள்ளியது.

அசையாதே. கல்லாகிவிடு. எழுந்து ஓடிவிடலாமா, மண் பூசிய முகத்தோடு பஸ் ஸ்டாண்ட் வழியாகவா? நெஞ்சு அடிக்கிற அடியில் மண் தானாக உதிர்ந்துவிடும் போலிருந்தது. இந்த அம்மா இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியும். பெண்ணுக்கு வயசு கூட. பெண்ணுக்கு அப்பா அம்மா இல்லை. கடையில் நிற்கிற பெண். எல்லாம் சொல்லட்டும், அந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும். “வெளுக்கணும்னு ஏம்மா, நல்லாத்தான இருக்கீங்க?” என்றாள் பரிதா. “நல்லா இருக்கேன்னு நீ சொல்லுத. பொண்ணப் பாத்தியா நீ? போட்டோ அனுப்பியிருக்கா. இந்தா பாரு. ஆத்தாடி, வெள்ளைக்காரி கணக்கா இருக்கா! இவளக் கூட்டிட்டுப் போனா வீட்டுக்கு லைட்டே போட வேண்டாம், கரண்டு பில்லு மிச்சம்.” பரிதாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, இருமலா சிரிப்பா தெரியவில்லை. ராஜகனியின் குரல் இறங்கிப் போயிற்று. “சிரிக்காதம்மா. எனக்குப் பயமா இருக்கு. எங்க வீட்டுக்காரர் தங்கச்சி கல்யாணத்துல போட்டோக்காரன் என்னப் பாத்து, நீங்க கொஞ்சம் பின்னால போங்க, முன்னால நின்னா படம் இருட்டா வருதுன்னான். முப்பது வருஷமாச்சு. அந்த ஆல்பத்துல எம்மூஞ்சி இல்ல, ஒரு கொண்டை மட்டும் இருக்கு. நாளைக்கு இவ பக்கத்துல நான் நின்னா எப்படி இருக்கும்? இம்புட்டுக் கலரா இருக்கவ என்னை அக்கான்னு மதிப்பாளா, இல்ல பின்னால போன்னுருவாளா? தம்பிகிட்ட கேக்கவும் வெக்கமா இருக்கு. அதான் ஆட்டோக்காரன்ட்ட விசாரிச்சு வந்துட்டேன்.”

முதலில் செண்பகவல்லிக்குப் புரியவில்லை. புரிந்தபோது அது காலிலிருந்து தொடங்கியது. இந்த அம்மா பயப்படுகிறாள். யாரைப் பார்த்து? தன்னைப் பார்த்து. தன்னைக்கூட இல்லை, கிருபாவின் போனைப் பார்த்து. பிறந்தே இராத அந்த மைதா மாவுக்காரிக்குப் பயந்து இவள் மாடி ஏறியிருக்கிறாள், தானும் ஏறியிருக்கிறாள், இரண்டு பேரும் ஒரே அறையில் ஒரே டப்பா ப்ளீச்சுக்குக் காத்துக் கிடக்கிறார்கள்! படத்தில் நிற்கிற அந்த மகராசிக்கு இது தெரியவா போகிறது? வயிறு குலுங்கியது. அடக்கினாள். தோள் குலுங்கியது. லைட்டே போட வேண்டாமாம். கரண்டு பில்லு மிச்சமாம். கன்னத்தில் படபடவென்று ஏதோ வெடிக்கிற மாதிரி இருந்தது. நெற்றியில் ஒன்று, மூக்கோரம் ஒன்று, மண் கட்டி கட்டியாகக் கழுத்தில் விழுந்தது. “ஏ அம்மா, இங்க பாரு, இந்தப் பொம்பளை அழுவுது!” என்று ராஜகனி எழுந்தே விட்டாள். “வலிப்பு கிலிப்பு வந்துட்டா? சாவி இருக்கா சாவி?” அதற்கு மேல் முடியவில்லை. செண்பகவல்லி வாய் விட்டுச் சிரித்தாள். சாய்வு நாற்காலி ஆட ஆட, கண் பஞ்சு இரண்டும் உருண்டு கீழே விழ, விக்கல் வருகிற அளவுக்குச் சிரித்தாள். பரிதா ஈரத் துணியை எடுத்து அவள் முகத்தில் வைத்து இரண்டு இழுப்பில் துடைத்தாள், துடைத்தவளும் சிரித்துக்கொண்டே இருந்தாள். துணி விலகியதும் எதிரே ஒரு முகம். அவள் முகத்தைவிட ஒரு பங்கு கறுப்பு. நெற்றியில் பெரிய குங்குமம், ரோஸ் பவுடர் திட்டுத் திட்டாக, இரண்டு பெரிய கண் நிறையப் பதற்றம். சிரிப்பு நின்றது. சொல்லியாக வேண்டும். “மதினி” என்றாள். வார்த்தை காற்றாகத்தான் வந்தது. “மதினி, அந்தப் போட்டோ போன் பண்ணுன வேலை. நான்தான் செண்பகம்.”

ராஜகனி பார்த்தாள். போனைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள். பிறகு, செண்பகவல்லி எதை நினைத்து இருபத்துமூன்று வருஷம் பயந்தாளோ அது நடந்தது. அந்தக் கண் அவள் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயிற்று. அங்கே யாரும் இல்லை மதினி, வேறு யாரும் வர மாட்டார்கள், இவ்வளவுதான் நான். சொல்ல வாயெடுப்பதற்குள் ராஜகனி பரிதாவைப் பார்த்துக் கிசுகிசுத்தாள், “வெளிய யாரும் நிக்கலியே? நாடி முடி விஷயத்த வேற யாரும் கேக்கலியே?” இல்லை என்று தலையாட்டினாள் பரிதா. ராஜகனி ஒரு பெரிய மூச்சு விட்டாள். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அப்புறம் இரண்டு கையாலும் செண்பகவல்லியின் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள், கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி. “அடிப் பாவி மவளே” என்றாள். “என் கலர்தானட்டி நீ! இதுக்கா நான் ரயில்ல ரெண்டு நாளும் ஒரு பொட்டு தூங்காம வந்தேன்?” சொல்லும்போதே அவள் வாய் கோணியது, சிரிக்கவா அழவா என்று அதற்கே தெரியவில்லை. “இம்புட்டு லட்சணமா கண்ண வச்சுக்கிட்டு எதுக்குட்டி அந்தப் பேய் படத்த அனுப்புன?”

“அப்ப ப்ளீச்சு யாருக்குக்கா?” என்று பரிதா கேட்டாள். “யாருக்கும் வேண்டாம்” என்றாள் செண்பகவல்லி. வாய் இவ்வளவு சுலபமாகத் திறந்தது அவளுக்கே வியப்பாக இருந்தது. “மதினி, நாளைக்கு என்ன சேலை?” வெளிர் ரோஸ் என்றாள் ராஜகனி, அதுதான் கொஞ்சம் கலராகக் காட்டும் என்று பம்பாயில் சொன்னார்களாம். “அதைப் பெட்டிலயே வைங்க. சாயங்காலம் கடைக்கு வாங்க, நான் ஒரு கரும்பச்சை தாரேன். அதைக் கட்டிக்கிட்டு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல முன்னால நில்லுங்க. போட்டோக்காரன் என்ன சொல்லுதான்னு நான் பாத்துக்கிடுதேன்.” ராஜகனி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு நாடியைத் தூக்கி பரிதாவிடம் காட்டினாள், “நீ இத எடும்மா. இது மட்டும் இருக்கவே கூடாது, ஆமா.” நூல் பட்டதும் அவள் போட்ட சத்தத்தில் கீழே ஜெராக்ஸ் மிஷின் ஒரு கணம் நின்று போனது. நாலு என்று சொன்ன முடி ஏழு இருந்தது. அப்புறம் நகம். பரிதா பெட்டியைத் திறந்ததும் இரண்டு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். முப்பது நாற்பது சின்னப் பாட்டில்கள், பளபளவென்று. ராஜகனி ரத்தச் சிவப்பைத் தொட்டாள், தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். “அம்பத்தாறு வயசுல இது தேவையா? ஊரு என்ன சொல்லும்?” “என்னமோ சொல்லட்டும், பூச்சு காஞ்சா போகாது” என்று செண்பகவல்லி அந்தப் பாட்டிலையே எடுத்துப் பரிதா கையில் கொடுத்தாள். தனக்கு நாவல் பழ ஊதா. அப்படி ஒரு நிறத்தை அவள் இதுவரை விரலில் போட்டதில்லை. போட்டுப் பார்த்தால்தான் என்ன? வயிறு சும்மா இருந்தது. சும்மாகூட இல்லை, உள்ளே யாரோ மேளத்துக்குச் சுருதி கூட்டுகிற மாதிரி இருந்தது. ஈர விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தபோது, ராஜகனியின் மடியில் கிடந்த போன் அடிக்கத் தொடங்கியது. தம்பி என்று எழுத்து மின்னியது. பரிதா தண்ணீர் பிடிக்க உள்ளே போயிருந்தாள். போன் அடித்தது. ராஜகனி செண்பகவல்லியைப் பார்த்தாள், செண்பகவல்லி தன் பத்து விரலையும் தூக்கிக் காட்டினாள். “பொறு” என்று ராஜகனி குனிந்தாள், கொண்டை முன்னால் சரிய, மடிவரை குனிந்து, மூக்கால் அந்தப் பச்சை வட்டத்தைத் தள்ளினாள். முதல் தடவை தவறியது. இரண்டாவது தடவை பட்டது. “எலேய் பாண்டி” என்று மடியைப் பார்த்துக் கத்தினாள், “நாங்க ரெண்டு பேரும் நகம் காயப் போட்டிருக்கோம். பெறகு கூப்பிடு.”

“யாரு ரெண்டு பேரு?” என்று கேட்டது போன். இரண்டு பேரும் ஊதிக்கொண்டிருந்தார்கள்.